மூன்று பூட்டும் ஒரு ஜாகாவும்

வண்டியைக் காட்டுவதற்கு முன் மச்சான் பூட்டுகளைத்தான் காட்டினார்.

ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாய் பக்கம், ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு. வாசலில் வெள்ளை வேன். கூரையை உயர்த்தி, மேலே சூரியத் தகடு பதித்து, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி என்று ஒரு குட்டி வீட்டையே அதற்குள் அடைத்திருந்தார். என் மனைவிக்குப் பெரியப்பா மகன் அவர். தாத்தா காலத்தில் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்து வேர்விட்ட கிளை. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டோடு கிடக்கப் பிடிக்காமல் இந்த வண்டியோடு ஊர் சுற்றுகிறார். மதுரையிலிருந்து போயிருந்த எங்களையும் ஐந்து நாள் ஜொகூர் மாநிலத்தைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு.

"இது ஸ்டீயரிங் லாக். இது கியர் லாக். இது வந்து..." என்று காலடிப் பாயைத் தூக்கி எங்கோ கையை விட்டவர், "எங்க இருக்குன்னு உங்களுக்கும் சொல்லமாட்டேன் மாப்ளே" என்று நிமிர்ந்தார். பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிற சின்ன சுவிட்ச் அது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. வண்டி பழுது என்று நினைத்துத் திருடன் போய்விடுவான் என்பது அவர் கணக்கு.

கட்டிலுக்கு அடியில் ஜிபிஎஸ் கருவி ஒன்று, அதற்குத் தனி சிம் கார்டு, தனி பேட்டரி. கருவியைத் திருடன் முதலில் தேடுவது டாஷ்போர்டுக்குள் என்பதால், அங்கேயும் வேலை செய்யாத பழைய கருவி ஒன்றை வயர்களோடு தொங்கவிட்டிருந்தார். பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டட்டும் என்று.

"அண்ணே, வங்கிக்குக்கூட இவ்வளவு பூட்டு இருக்காது" என்றாள் என் மனைவி. அவர் சிரிக்கவில்லை. ஏன் என்பது பசியாறும்போது தெரிந்தது. (காலை உணவைப் 'பசியாறுதல்' என்று சொல்லும் பழக்கத்தை மலேசியத் தமிழர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். நாமோ டிபனுக்கு மாறி எத்தனையோ காலமாகிறது.)

இந்த வேனுக்கு முன்னால் அவரிடம் இருந்தது இழுவைக் கேரவன். சொந்த என்ஜின் இல்லாத சிறிய வண்டி. காரின் பின்னால் உள்ள இரும்பு உருண்டையில் மாட்டி இழுக்கவேண்டும். வீட்டு வாசலில் இடம் போதாமல், அதே தாமானின் கோடியில் காலிமனையில் நிறுத்தி வைத்திருந்தார். தாமானுக்கு வேலி உண்டு, நுழைவாசலில் தடுப்புக் கட்டை உண்டு, குடியிருப்பவர்கள் மாதாமாதம் பணம் போட்டு வைத்திருக்கும் காவலரும் உண்டு. காவலரை அங்கே எல்லோரும் 'ஜாகா' என்கிறார்கள். மலாயில் ஜாகா என்றால் விழித்திரு, காவல் இரு என்று பொருள். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போன சொல். நாம் சொல்லும் 'ஜாக்கிரதை'யும் அதே வேர்தான். ஒரு காலத்தில் மலாயாவின் வங்கி வாசல்களிலும் கடை வாசல்களிலும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த சீக்கியர்கள்தாம் ஜாகா. இன்று பல இடங்களில் நேபாளிகள். வெளிநாட்டவரில் அவர்களை மட்டுமே காவல் வேலைக்கு மலேசியா அனுமதிக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பிக்கப் வண்டியில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இருவர் மேலும் பளபளக்கும் மஞ்சள் சட்டை, கையில் ஏதோ தாள்கள். தடுப்புக் கட்டையருகே நின்று, கேரவனைச் சர்வீசுக்கு எடுத்துப் போகவேண்டும் என்றிருக்கிறார்கள். கட்டை உயர்ந்தது. காலிமனை சந்தில் பிக்கப்பைத் திருப்பச் சிரமப்பட்டபோது ஜாகாவே வெயிலில் இறங்கி வந்து, கைகாட்டி ரிவர்ஸ் பார்த்துவிட்டிருக்கிறார். கொக்கியை உருண்டையில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பழகிய கைக்கு ஒரு நிமிடம். கொக்கியில் பூட்டு இல்லை. சக்கரத்தில் கவ்வி இல்லை. வேலிக்குள் இருக்கிறதே என்று மச்சான் இரண்டையும் வாங்காமல் விட்டிருந்தார்.

"அந்தப் பையனை நான் குத்தம் சொல்லமாட்டேன் மாப்ளே. ராத்திரி ரெண்டு மணிக்கு மதிலேறிக் குதிக்கிறவனைப் பிடிக்கச் சொல்லித்தானே வேலைக்கு வெச்சோம். பகல்ல மரியாதையா வர்றவன் திருடன்னு யார் சொல்லிக் குடுத்தோம்?"

போலீசுக்குப் போனபோதுதான் அடுத்த சங்கடம். அடிச்சட்ட எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. படம் இருக்கிறதா என்று கேட்டதற்கு இவர் காட்டியதெல்லாம் கேரவன் முன்னால் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள். எண் தெரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

இது மச்சானுக்கு மட்டும் வந்த சங்கடமில்லை. கேரவன் வைத்திருப்பவர்கள் ஏராளமாக உள்ள பிரிட்டனிலேயே இழுவைக் கேரவனுக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. பின்னால் தொங்குவது இழுக்கும் காரின் எண்தான். ஆகவே யார் இழுக்கிறார்களோ அவர்களுடையதாகிவிடும். இதனால் பட்ட பாட்டில், 1992-இல் கேரவன் தொழில்காரர்களே சேர்ந்து கிரிஸ் என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் 17 இலக்க எண். அதைச் சன்னல் கண்ணாடியிலேயே செதுக்கிவிடுவார்கள். கண்ணாடியை எல்லாம் மாற்றினால்தான் எண் போகும் என்ற நிலை வந்தது. பிறகு வண்டியின் உடம்புக்குள் மின்னணுச் சில்லு ஒன்றையும் ஒளித்து வைத்தார்கள். கூரைமேல் பெரிய எழுத்தில் எண்ணை ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு, ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று.

மச்சான் இப்போது அதையெல்லாம் செய்திருக்கிறார். வேனின் ஒவ்வொரு கண்ணாடியிலும் எண்ணைச் செதுக்கியிருக்கிறார். பேட்டரி, இன்வெர்ட்டர், சூரியத் தகடு எல்லாவற்றின் வரிசை எண்களையும் படமெடுத்து வைத்திருக்கிறார். சூடுபட்ட பூனை.

கிளம்பினோம். செனாய்–டெசாரு நெடுஞ்சாலை 77 கிலோமீட்டர். 2011-இல் முழுதாகத் திறந்தது. நடுவில் ஜொகூர் ஆற்றின்மேல் வடங்களில் தொங்கும் பாலம் வருகிறது. தூண்களுக்கு நடுவே 500 மீட்டர் வெற்றிடம், கீழே பழுப்புத் தண்ணீர், கரையெல்லாம் அலையாத்திக் காடு. பாலத்தைத் தாண்டினால் செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை.

பழைய தமிழில், எங்களைப்போலப் பொருளோடு கூட்டமாகப் போகிற வணிகர் குழுவுக்குச் 'சாத்து' என்று பெயர். பாலை வழியில் அவர்களை மறித்துப் பறிப்பவர்கள் ஆறலைக் கள்வர். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து போகிறது. சுங்கம் வாங்குகிற பெருவழி அது, வில்வீரர்கள் காவல் நிற்கிறார்கள். சுங்கச்சாவடி கட்டணமும் ரோந்தும் நமக்குப் புதிதில்லை. பின்னால் வந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் சொந்தப் படையே வைத்திருந்தார்கள். அவர்கள் காவலில் இருந்த வணிக ஊர்கள் கல்வெட்டுகளில் எறிவீரப்பட்டினம் என்று வருகின்றன. அவர்களுடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று, 1088-ஆம் ஆண்டினது, இந்தப் பக்கமே, நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் பாரூசில் கிடைத்திருக்கிறது. இதை மச்சானிடம் சொன்னேன். "அவங்க கொக்கியில பூட்டுப் போட்டிருப்பாங்க" என்றார்.

டெசாரு என்றால் சவுக்கு மரக் கிராமம். பெயருக்கேற்ற கடற்கரை. இரவு தங்க இடம் தேர்ந்தெடுக்க மச்சான் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது சுலபம். தனிமையான அழகான இடங்களை எல்லாம் கடந்து, தேநீர்க் கடை ஒன்றின் விளக்கு எட்டுகிற இடத்தில், வண்டியின் மூக்கு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினார். ஏதாவது நடந்தால் பின்னால் எடுக்காமல் நேரே ஓட்டிவிடலாம். பிறகு கடைக்காரியிடம் போய் மூன்று தே தாரிக் சொல்லி, எங்கிருந்து வருகிறோம், எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று கேட்காமலே ஒப்பித்தார். எனக்கு அது அனாவசியப் பேச்சாகப் பட்டது.

அன்று திருட்டு நடக்கத்தான் செய்தது. விடிகாலை, என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்க நான்கு அடி நடந்தாள். திரும்பினால் வண்டிக்குள் ஒரு நீளவால் குரங்கு. மூன்று பூட்டு, ஒரு ஜிபிஎஸ், ஒரு போலி ஜிபிஎஸ் எல்லாம் தாண்டி, திறந்திருந்த பக்கக் கதவு வழியாக வந்து ரொட்டிப் பொட்டலத்தையும் கொசுவர்த்திப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு சவுக்கு மரத்தில் ஏறிவிட்டது. கொசுவர்த்தியை முகர்ந்து பார்த்து எங்கள்மேலேயே வீசியது. ரொட்டி போனது போனதுதான்.

சிறுபாணாற்றுப்படையில் உப்பு வண்டியோடு ஊர்ஊராகப் போகும் உமணர்கள் கூடவே ஒரு மந்தியையும் பிள்ளைபோல் கூட்டிப்போகிறார்கள். அது அவர்கள் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. குரங்கிடம் திருட்டுக் கொடுக்காமலிருக்க அதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை. அதே உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போனதாகப் புறநானூறு சொல்கிறது, நம்முடைய ஸ்டெப்னி. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிவதில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள்.

டெசாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக வடக்கே மெர்சிங். கோத்தா திங்கியில் கம்போங் மக்காமில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜொகூர் சுல்தான் இரண்டாம் மஹ்முத் ஷாவுடையது. 1699-இல் கொல்லப்பட்டார். வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது: சுல்தானின் தோட்டத்துப் பலாவில் ஒரு சுளையைக் கர்ப்பிணி ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்டாள், தோட்டப் பொறுப்பாளி கொடுத்துவிட்டான். தகவல் தெரிந்த சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். அவள் கணவன் மெகாட் ஸ்ரீ ராமா, கடற்படைத் தளபதி. வெளியூரிலிருந்து திரும்பி வந்து, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆட்கள் தூக்கிவந்த சுல்தானைக் குத்திக் கொன்றான். வாரிசில்லாமல் அந்த வம்சமே அதோடு முடிந்தது. காவலையும் தண்டனையையும் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஜொகூரிலேயே கிடைக்கிற உதாரணம்.

மெர்சிங், தியோமான் தீவுக்குப் படகு பிடிக்கிற ஊர். தீவு பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. படகு ஜொகூரிலிருந்து போகிறது. ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாததால் கடல் ஏறும்போதுதான் படகு. நேரம் தினம் மாறும். தீவுக்குப் போகிறவர்கள் காரை இரண்டு மூன்று நாள் கரையில் விட்டுத்தான் போகவேண்டும் என்பதால் படகுத்துறையைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் நடத்துவது ஒரு தொழிலாகவே இருக்கிறது.

நாங்கள் விட்ட இடத்தில் வேலி கூட உருப்படியாக இல்லை. தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வயதான ஒரு மலாய்க்காரர். பாக்சிக் என்று கூப்பிட்டார் மச்சான். பெரியவரே என்பது போல. அவர் கோடு போட்ட நோட்டில் வண்டி எண்ணை எழுதினார். பெயர், போன் நம்பர், திரும்பும் நாள் எழுதினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மச்சானை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார். என்னையும் என் மனைவியையும் பார்க்கவே இல்லை. வழக்கமாகச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வண்டிகளை நெருக்கி நிறுத்துவார். எங்கள் வேனை மட்டும் ஓரமாக, தன் மேசையிலிருந்து தெரிகிற மாதிரி நிறுத்தச் சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஓட்டை வேலிக்குள்ளா விடுகிறோம் என்று எனக்கு உள்ளூர உதறல். தியோமானில் இரண்டு ராத்திரியும் மச்சான் குறட்டைவிட்டுத் தூங்கினார். போனில் ஜிபிஎஸ் புள்ளி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது நான்.

திரும்பி வந்தபோது மச்சானுக்கு அவசரமாகக் கழிவறை போகவேண்டியிருந்தது. சாவியை என்னிடம் கொடுத்து, கதவைத் திறந்து ஏசி போட்டு வைக்கச் சொன்னார். கதவில் சாவியைச் செருகியதுதான் தாமதம், பாக்சிக் எழுந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வேனின் மூக்குக்கு நேராகக் குறுக்கே நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மலாயில் ஏதோ கேட்டார். 'மானா' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. எங்கே என்று அர்த்தம். நான் சாவியை ஆட்டிக் காட்டினேன். தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை. என் மனைவியைக் காட்டினேன். அதற்கும் சிரிப்பு. கழிவறைப் பக்கம் கைகாட்டி, நடிப்பில் விளக்கிப் பார்த்தேன். அதற்குப் பக்கத்து ஸ்டாலில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மச்சான் வேட்டியை... இல்லை, பெர்முடாஸை இழுத்துவிட்டுக்கொண்டு வந்ததும்தான் பாக்சிக் இறங்கி மோட்டார் சைக்கிளை நகர்த்தினார். நோட்டில் ஒரு கோடு அடித்தார். மச்சான் பேசிய தொகைக்கு மேல் ஐந்து வெள்ளி கொடுத்தார். ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்பார்கள்.

"சாவி இருக்கே, அப்புறம் ஏன் மறிச்சார்?" என்றேன்.

"சாவி யார்கிட்ட வேணா இருக்கும் மாப்ளே. தாமான்ல வந்தவனுங்ககிட்ட தாள் இருந்துச்சு."

பாக்சிக் மச்சானை ஏற இறங்கப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. போலீசுக்குப் பழைய மலாய்ப் பெயர் 'மாத்தா-மாத்தா'. தோட்டத்துத் தமிழர்களும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். மாத்தா என்றால் கண்.

மெர்சிங்கிலிருந்து குளுவாங் போகும் 50-ஆம் எண் சாலையில் இருட்டுவதற்குள் போய்விடவேண்டும் என்று மச்சான் விரட்டினார். திருடனுக்காக இல்லை, யானைக்காக. அந்தப் பக்கத்துக் காடுகளில் காட்டு யானைகள் உண்டு. சாலையோரம் யானைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. இருபுறமும் செம்பனைத் தோட்டம். வெட்டிய குலைகளைச் சாலை ஓரத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள், லோரி வந்து அள்ளிக்கொண்டு போக. காவலுக்கு ஆளே இல்லை. ஒரு குலையே பத்து, இருபது கிலோ இருக்கும். இரவில் மோட்டார் சைக்கிளில் வந்து தூக்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் மச்சான். குலை வாங்கும் வியாபாரிகளுக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். ஆனால் குவியலில் சேர்ந்துவிட்ட குலை யார் தோட்டத்தது என்று குலையைப் பார்த்துச் சொல்லமுடியாது.

"எங்கப்பா காலத்துல ஒட்டுப்பால் திருடுவாங்க. ஆனா தோட்டத்துக்குள்ளேயே யாருன்னு தெரிஞ்சுபோயிடும். லயத்துல சுவரு மெலிசு" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

குளுவாங் என்றால் வௌவால். ரயில் நிலையத்துக் காப்பிக்கடை 1938-இலிருந்து நடக்கிறது. கரியில் சுட்ட ரொட்டிக்கு நடுவே வெண்ணெயும் காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, கறுத்த காப்பி. குரங்கு தின்ற ரொட்டிக்கு வட்டியோடு ஈடுகட்டிக்கொண்டோம். மச்சான் காப்பித்தூள் பொட்டலம் இரண்டு வாங்கினார். ஒன்று வீட்டுக்கு.

அன்றிரவு அவருடைய பழைய சக தொழிலாளி வீட்டு வாசலில் வண்டி. நள்ளிரவில் யாரோ சன்னலில் டார்ச் அடித்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. தெரியாத வண்டி நிற்கிறதே என்று தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, யார் வீட்டு விருந்தாளி என்று விசாரித்துவிட்டு, உறுதி செய்துகொள்ள அந்த வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பிவிட்டுத்தான் போனார். நண்பரின் மனைவி காலையில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். மச்சான், பாட்டிக்கு நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எழுந்து போனார்.

தாமானுக்குத் திரும்பியபோது தடுப்புக் கட்டையருகே, கேரவன் போன அன்று கட்டையை உயர்த்திய அதே நேபாளி இளைஞர் நின்றிருந்தார். ஆமாம், அதே ஆள். குடியிருப்போர் கூட்டத்தில் அவரை மாற்றச் சொல்லிப் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றவர் கேரவனைத் தொலைத்த மச்சான்தான். காவல் கூண்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வேனின் படம், அதற்குக் கீழே மச்சான், அவர் மனைவி, அவர்கள் மகன் மூவரின் முகங்கள். இந்த மூன்று முகத்தைத் தவிர யார் ஓட்டிப்போனாலும் கட்டை உயரக்கூடாது. மச்சானைத் தெரியாதவர்போலப் போலித் தீவிரத்தோடு அந்த இளைஞர் ஒருமுறை தாளைப் பார்த்தார், ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு இருவரும் சிரித்தார்கள். குளுவாங் காப்பித்தூளின் இரண்டாவது பொட்டலம் கூண்டுக்குள் போனது. வேனை வாசலில் நிறுத்தும்போது கைகாட்டி ரிவர்ஸ் பார்த்துவிட்டவரும் அவர்தான்.

ஜொகூரில் இப்படி வண்டி வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு மச்சான் சொல்லச் சொன்னது ஒன்று உண்டு. காப்புறுதிப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். வேனுக்கு மட்டும்தான் காப்புறுதியா, உள்ளே பொருத்திய பேட்டரி, தகடு, குளிர்பெட்டி எல்லாம் தனியாக எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காணாமல்போனால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். அவருடைய கேரவன் போய் நான்கு வருடம் ஆகிறது. இன்றுவரை கிடைக்கவில்லை.